மாலைக்காக எடுத்த படம்

முதலில் வந்தது இருமல் அல்ல, குத்தல். நான் வேலை பார்த்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே சரக்கு ஸ்டோரில் குனிந்து ஒரு பெட்டியைத் தூக்கியபோது வலது விலாவில் சுருக்கென்றது. மூச்சை முழுதாக இழுக்க முடியவில்லை. வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். உங்களுக்கு அப்படிக் குத்தினால் ஓமத்தை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

காய்ச்சல் ஏறிய பிறகுதான் ஆஸ்பத்திரி. டாக்டர் முதுகைத் தட்டிப் பார்த்து ப்ளூரிசி (நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் அழற்சி) என்றார். உறைக்குள் நீர் கோத்திருந்தது. தடித்த ஊசியை முதுகில் இறக்கி உறிஞ்சினார்கள். வைக்கோல் நிறத்தில் வந்தது.

பிழைப்பேனா என்று கேட்டேன். "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். படுத்துக் கிடப்பவனிடம் அந்த ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போவது என்ன நியாயம்? பக்கத்தில் நின்ற என் அண்ணன் அதைக் கேட்டு என் கதை முடிந்தது என்றே முடிவுகட்டிவிட்டார்.

படம் பிடித்தால் ஆயுள் குறையும் என்று எங்கள் சனங்களுக்குப் பயம். நன்றாக இருக்கும்போது கேமரா முன்னால் நிற்க மாட்டார்கள். ஆள் போகப்போகிறார் என்றால் மட்டும், மாலை போட ஒரு படம் வேண்டுமே என்று ஓடுவார்கள். அண்ணனும் ஓடினார். மறுநாள் சாயங்காலம் ஸ்டுடியோக்காரரோடு வார்டுக்குள் வந்தார்.

முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்து, என் நெற்றியில் விபூதி பூசி, "தம்பி, நேரா பாருடா" என்றார். எதற்கு என்று புரிந்தது. தடுக்கத் தெம்பில்லை. ஸ்டுடியோக்காரர் வெளிச்சத்துக்காக ஒரு தட்டில் வெடிமருந்துப் பொடியைக் கொளுத்தினார். புகை ஏறி நான் இருமிய இருமலில் விலா பிய்ந்துவிடும் போலிருந்தது. கட்டுப்போடும் டிரெஸ்ஸர் ஓடிவந்தார். "பேஷண்டைக் கொல்லப் பாக்கிறீங்களா? வெளிய போங்க லா."

நான் பிழைத்தேன். வீட்டுக்கு வந்தால் படம் சட்டம் போட்டு, அலமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றது. "தூக்கிப்போட மனசு வரலடா" என்றார் அண்ணன். அன்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உயிரோடு இருப்பவனுக்கு இப்படியா செய்வார்கள்?

தினமும் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருந்தார்கள். கல்யாணத்துக்கு முன் தெருத்தெருவாகத் தூக்கிக்கொண்டு அலைந்த பெட்டிக் கேமரா டிரங்குப் பெட்டியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். செங்கல் சூளை, ஆற்றங்கரை, ரிக்ஷாக்கள் நிற்கும் முனை. என்னைச் செத்தவனாக்கிப் படம் எடுத்தார்கள் அல்லவா, நான் உயிருள்ளவர்களை எடுக்கிறேன் என்று ஒரு வீம்பு.

கேமராவை வயிற்றோடு அணைத்து, மூச்சை அடக்கி விசையைத் தட்ட வேண்டும். அடக்கினால் விலா இழுத்துப் பிடித்தது. முதல் சுருளில் தெருவே ஆடிப்போயிருந்தது. ஆத்திரத்தில் அந்தப் படங்களையெல்லாம் கிழித்தேன். பிறகுதான், மூச்சை வெளியே விட்டு முடிக்கும் இடத்தில் தட்டப் பழகினேன். உங்களுக்கும் இந்த நோய் என்றால், மூச்சோடு மல்லுக்கு நிற்காதீர்கள்.

ஒருநாள் புட்டு விற்கிற அக்கா கையை விரித்துத் தடுத்தார். "எடுக்காதீங்க அண்ணே, ஆயுசு போயிரும்."

"சாகக் கிடக்கிறப்பவே என்னை எடுத்தாங்க அக்கா. போகலையே."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப எடுங்க. சிரிக்கணுமா?"

அடுத்த ஞாயிறு எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் அண்ணன் சைக்கிளை விட்டு இறங்கினார். கேமராவை அவர் பக்கம் திருப்பினேன். துண்டால் சட்டென்று முகத்தை மூடிக்கொண்டார்.

"வேண்டாம்டா. பிள்ளைங்க இன்னும் சின்னதுங்க."

"எனக்கு மட்டும் பிள்ளைங்க இல்லையா அண்ணே?"

அவர் மெல்லத் துண்டை இறக்கினார். சைக்கிள் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, கேமராவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

மூச்சை விட்டேன். நெஞ்சு காலியானது. அடுத்த மூச்சு வருவதற்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. நோய்க்கு முன்னால் அப்படி ஓர் இடைவெளி இருப்பதே எனக்குத் தெரியாது. கோபம் தீர்ந்துவிடவில்லை. விசையைத் தட்டினேன். அண்ணன் ஆடாமல் நின்றார்.