சுவரில் காது வைத்த ஹாரி அண்ணை

புதன்கிழமை காலை பக்கத்து வீட்டு ஹாரி அண்ணையின் மனைவி மார்கரெட் அக்கா மணியடித்தார். "ஹாரி போயிட்டாரும்மா" என்றார். அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். ஆனால் உண்மையில் எனக்கு முதலில் வந்தது பயம். இனி இந்தச் சுவரை யார் கேட்பார்கள்?

இலண்டன் ஸ்ட்ரெதமில் எங்கள் தெருக்காரருக்கு, தமிழ் பேசும் அந்த வெள்ளைக்காரரைத் தெரியும். அவருடைய பூட்டனார், இங்கிலாந்தின் கார்ன்வாலில் வெள்ளீயச் சுரங்கங்கள் மூடப்பட்டபோது கப்பலேறி, தமிழர்கள் வேலை செய்த கோலார் தங்கவயலுக்குப் போனவர். அங்கேயே பிறந்து, வாலிபத்தில் மார்கரெட் அக்காவோடு இலண்டன் வந்த ஹாரி அண்ணை, "எந்த ஊர்னு கேக்காதீங்க, எந்தச் சுரங்கம்னு கேளுங்க" என்பார்.

இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த பாஸ்டியைத் தின்றால், ஓரத்தில் ஒரு துண்டை மிச்சம் வைப்பார். சுரங்கத்துச் சின்ன மனிதர்களுக்காம். மண் சரியுமுன் பாறையைத் தட்டி எச்சரிப்பவர்கள் அவர்கள்தானாம்.

"லண்டனிலை ஆர் அண்ணை தட்டப்போகினம்?" என்று பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"மண்ணு எல்லா ஊர்லயும் மண்ணுதான்."

பிறகு எங்களுக்கு மறுபக்கத்து வீட்டில் நிலவறை தோண்டத் தொடங்கினார்கள். ஹாரி அண்ணை நாள்தோறும் நான் சமைக்கும்போதே எங்கள் குசினிக்கு வந்து சுவரில் காது வைப்பார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் முகம் வெளிறி நிமிர்ந்தார். "தட்டுது. எல்லாரும் வெளிய!"

உடனே படாரென்று சுவர் வெடித்தது. ஷெல்லடிக்குள் வளர்ந்த உடம்பு எனக்கு. மகளை இழுத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழிருந்த அலுமாரிக்குள் புகுந்து குப்புறப் படுத்துவிட்டேன். யாழ்ப்பாணத்தில் பதுங்குகுழி எங்களைக் காப்பாற்றியிருந்தது.

"உள்ள இல்ல தங்கச்சி, வெளிய!"

"ஏலாது அண்ணை, வெளியிலை வர ஏலாது!"

அவர் என்னுடன் வாதாடவில்லை. மகளைப் பறித்துக்கொண்டு ஓடினார். பிள்ளைக்குப் பின்னால் நானும் ஓடினேன். நாங்கள் தெருவை எட்டவும் உள்ளே இடிந்து விழுந்தது. மாடிப்படி அந்த அலுமாரியின் மேல் கிடந்தது.

"உங்களுக்குப் பயமில்லையோ அண்ணை?" என்று பிறகு கேட்டேன்.

"பயம்தாம்மா முதல்ல கேக்குது. காது அப்புறம்தான்."

வீட்டைப் பழையபடி திருத்திக் கட்டினார்கள்; மாடிப்படிக்குக் கீழ் அலுமாரியும் திரும்ப வந்தது. இப்போது ஹாரி அண்ணையின் அடக்கம் முடிந்து மார்கரெட் அக்கா பாஸ்டி பரிமாறினார். எல்லோரும் ஓரத்துத் துண்டை மிச்சம் வைத்தோம்.

நேற்று சமைக்கும்போது சுவருக்குள் ஏதோ சத்தம். தண்ணீர்க் குழாயாகத்தான் இருக்கும். நான் நின்று கேட்கவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தெருவில் நின்றபோதுதான் உறைத்தது, அலுமாரியின் பக்கம் நான் திரும்பவேயில்லை. ஹாரி அண்ணை எனக்கு விட்டுப்போனது இதுதான். பயம் அப்படியே இருக்கிறது. கால்கள் மட்டும் இப்போது வெளியே ஓடுகின்றன.