ஆள்காட்டித் தாளின் ஐந்தாம் வரி

2024 ஜூலை 9, செவ்வாய். 5.20-க்கு எழுந்தேன். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடும் நாள், 5.45-க்கு வந்து 6.30-க்கு நின்றது. இரண்டு டிரம், நான்கு குடம் நிறைந்தன. காலைக்கு இட்லி, மதியத்துக்குக் கொள்ளுப் பருப்பும் ரசமும். 8.40 பேருந்து. 9.15-க்கு அச்சகத்தில் கணினியைத் திறந்தேன். இரண்டு கல்யாணப் பத்திரிகைகளை வடிவமைத்து முடித்தேன்.

நாட்குறிப்பில் அன்றைய பக்கம் இத்துடன் நிற்கிறது. மாலையில் நடந்ததை எழுதக் கை வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அதற்கு முந்தைய வாரம், எங்கள் பக்கத்து ஆரம்பப் பள்ளி டீச்சர் ஒருவர் நாலாம் வகுப்புக்காக ஒரு பறவையைப் பற்றி ஒரு பக்கத் தாள் கேட்டிருந்தார். "பெரிய எழுத்து, சின்ன வாக்கியம், ஆறே வரிங்க. மெதுவாப் படிக்கிற புள்ளையும் தானாப் படிச்சு முடிக்கோணும்" என்றார்.

ஆள்காட்டியைத் தேர்ந்தெடுத்தேன். சரவணம்பட்டியைத் தாண்டி நான் இறங்கும் நிறுத்தத்துக்கும் என் வீட்டுக்கும் நடுவில், மனை போடாமல் மிஞ்சிய நாலு ஏக்கர் காடு இருக்கிறது. மழையை நம்பிச் சோளம் விதைக்கும் நிலத்தை நாங்கள் காடு என்றுதான் சொல்வோம். யார் நடந்தாலும் அங்கே ஆள்காட்டி கத்தும். அது கூடு கட்டுவதில்லை. வெறும் தரையில் சரளைக் கற்களுக்கு நடுவே முட்டையிடும். கல் எது, முட்டை எது என்று தெரியாது. அந்தக் காட்டில் வேலை செய்யும் அக்கா, உழவுக்கு முன்னால் முட்டை இருக்கும் இடத்தில் ஒரு குச்சியை நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடுவார். டிராக்டர்காரர் அந்த இடத்தை விட்டுச் சுற்றிப் போவார். ஜூனில் எனக்கு அதைக் காட்டியவரும் அவர்தான். போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

தாளில் ஏழு வரிகள் வந்தன. ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. ஐந்தாம் வரி: 'துணி கட்டிய குச்சி இருந்தால், பக்கத்தில் முட்டை இருக்கும்.' ஏழாம் வரி: 'தூர நின்று பார். முட்டையைத் தொடாதே.' ஐந்தாம் வரிக்கு அந்தச் சிவப்புத் துணிப் படம் அழகாகப் பொருந்தியது. ஏழாம் வரிக்குப் படம் இல்லை. ஏழாம் வரியை எடுத்தேன். அந்த இடத்தில் ஒரு கட்டம் போட்டு, 'நான் பார்த்தேன்' என்று எழுதினேன். பிள்ளைகள் டிக் அடிக்க. எழுத்துப் பிழையை மூன்று முறை சரிபார்த்தேன். ஓரத்து இடைவெளியை அளந்தேன்.

செவ்வாய் மாலை 5.50-க்குப் பேருந்திலிருந்து இறங்கி நடந்தபோது, அக்கா வரப்பில் உட்கார்ந்திருந்தார். குச்சி ஒன்று சாய்ந்து கிடந்தது. மேலே ஆள்காட்டிகள் இரண்டு ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன.

"என்னங்க அக்கா ஆச்சு?"

"பள்ளிக்கூடத்துப் புள்ளைக அம்மணி. ஆளுக்கொரு தாளு. துணி கட்டுன குச்சி எங்கே, எங்கேன்னு தேடிக்கிட்டு வந்தாங்க. நாலு முட்டையும் பென்சில் டப்பாவுக்குள்ள. டீச்சருகிட்டக் காட்டோணுமாமா. ரோடு ஏறறதுக்குள்ள அத்தனையும் ஒடைஞ்சுபோச்சு. ஒரு புள்ளை அழுதுக்கிட்டே வந்து எங்கிட்ட டப்பாவத் தொறந்து காட்டுது."

அக்கா சாய்ந்து கிடந்த குச்சியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"தாளப் படிச்சும் காட்டுனாங்க. எந்த மகராசன் எழுதுனானோ, நான் பொத்திப் பொத்தி வெச்சத ஊருக்கே வழி சொல்லி உட்டுட்டான்."

என் பையில் அந்தத் தாளின் மிச்சப் பிரதிகள் இரண்டு இருந்தன. பையை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

பனைமரத்துக்குப் பக்கம் இன்னொரு குச்சி நின்றது. அங்கே மூன்று முட்டைகள். காலையில் பள்ளி மணி அடிப்பதற்குள் அதையும் பார்க்க வருவதாகப் பிள்ளைகள் சொல்லிப் போயிருந்தார்கள்.

"அந்தக் குச்சியப் புடுங்கிரலாங்களே அக்கா" என்றேன்.

"புடுங்கிப்போட்டா? காலையில ஆறரைக்கு டிராக்டர் வருது. மேல குந்தியிருக்கறவனுக்கு முட்டை தெரியுமா, கல்லுத் தெரியுமா? படிச்சவ பேசற பேச்சா இது? நான் பாத்துக்கலாம்னா, ஆறு மணி பஸ்ஸுக்கு எம்பட மகளக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகோணும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "வாரேங்க அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து டீச்சருக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "அடடா, நானும் கவனிக்கலையேங்க. நாளைக்கு வகுப்புக்கு வந்ததும் தாளை எல்லாம் திருப்பி வாங்கிடறனுங்க" என்றார். அவரிடம் சொல்வது எளிதாக இருந்தது. அவர் பொறுத்துக்கொள்வார் என்று தெரியும். பாதிப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளவும் செய்தார். அதை நான் மறுக்கவில்லை. அந்த ஏழாம் வரியை அவர் பார்த்ததே இல்லை. அவருக்கு அனுப்புவதற்கு முன்பே அதை எடுத்துவிட்டேன்.

மறுநாள் புதன். பால் பாக்கெட்டைக்கூட எடுக்காமல் 5.35-க்குக் காட்டுக்குப் போனேன். அக்காவும் மகளும் கிளம்பி ரோட்டோரம் நின்றிருந்தார்கள்.

"அந்தத் தாள எழுதுனது நாந்தானுங்க அக்கா. தொடாதேன்னும் ஒரு வரி இருந்துச்சு. ஆறு வரிக்கு மேல போகக் கூடாதுன்னு அத நானேதான் எடுத்துப்போட்டேன்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதான் நேத்துப் பைய அப்பிடி இறுக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னயாக்கும்."

மகள் சிரித்துவிட்டாள். அக்கா சிரிக்கவில்லை.

"குச்சி இருந்தாத்தான புள்ளைக வரும்? புடுங்கிப்போட்டு அந்த எடத்துல நீ நில்லு. டிராக்டர் முடிச்சுப் போறமுட்டும் நகரக் கூடாது."

பனைமரத்தடிக்குப் போய்க் குச்சியைப் பிடுங்கினேன். துணியை அவிழ்த்துப் பையில் வைத்தேன். முட்டைகளிலிருந்து இரண்டடி தள்ளி, காலை எங்கே வைக்கிறேன் என்று பார்த்துப் பார்த்து நின்றேன். ஆள்காட்டி என் தலைக்கு மேலேயே சுற்றிச் சுற்றிக் கத்தியது. 6.40-க்கு டிராக்டர் வந்தது. ஓட்டுபவர் கையை ஆட்டி விலகச் சொன்னார். நான் தரையைக் காட்டினேன். அவர் வண்டியை ஒடித்து என்னைச் சுற்றிக்கொண்டு போனார்.