பக்கத்து வாசல் தெரியக் கூடாது

ஜெர்மனியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியை வெளியே வைக்க வரும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். என்னோடு சண்டையில்லை. எங்கள் வாசல் கேமராவோடுதான். பார்சல் வந்தால் கைப்பேசியில் பார்க்கும் வசதிக்காக மகன் மாட்டியது; அதில் அவர் வாசல்படியும் பாதி விழுந்தது. ஒருநாள் வந்து அதைச் சுட்டிக்காட்டினார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, "உங்க வாசலையும் சேத்தே பாத்துக்கறேன், நாள் பூரா சும்மாதான் இருக்கேன்னு சொல்லும்மா" என்று மருமகளிடம் சொன்னேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஏற்கெனவே வெளுத்த முகம் இன்னும் வெளுத்தது. அடுத்தவர் வாசல் தெரியக் கூடாது என்பது இங்கே சட்டமாம். வருவாய்த் துறையில் எல்லைக்கல் தகராறுகளைத் தீர்த்தே ஓய்வுபெற்றவன் நான். பார்வைக்கும் எல்லைக்கல் உண்டென்று அன்றுதான் அறிந்தேன்.

விதி தெரிந்துவிட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. படத்தில் அவர் பக்கத்தைக் கறுப்பாக்கினேன். அதே சூட்டில், பாப்பாரப்பட்டியில் பூட்டிக் கிடக்கும் என் வீட்டுக் கேமராவையும் இங்கிருந்தபடியே தெருவை விட்டுக் கதவுப் பக்கம் திருப்பினேன்.

அதுவரை அதில் தெரிந்தது எதிர்வீட்டு மாதம்மாள். வாசலில் ராகியைக் காயப்போட்டுவிட்டு, கேமராவை அண்ணாந்து பார்த்து, "ஆடு வந்தா அதட்டுங்ணா" என்று சொல்லிக் காட்டுக்குப் போய்விடுவாள். நான் ஜெர்மனியில் காப்பி குடித்தபடி அதட்டுவேன். கேமராவின் ஸ்பீக்கர் கத்தும். ஆடுகள் மரியாதையாக விலகும். ஓய்வுக்குப் பிறகும் என் சொல்லுக்குக் கட்டுப்பட்டவை அவை மட்டும்தான்.

திருப்பிய மறுநாளே போன் வந்தது. ராகியை ஆடு மேய்ந்துவிட்டதாம். அடுத்தவர் வாசலை அனுமதியில்லாமல் பார்ப்பது தவறு என்று சட்டத்தை விளக்கினேன்.

"நல்ல சட்டம் போங்க. நீங்க பாப்பீங்கன்னுதான நான் காயப்போட்டதே? எதுத்த வூட்டுல மனுசங்க இருந்தா பாக்க மாட்டாங்களா?" என்றவள், கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள். "இல்ல, இனிமே வரவே போறதில்லிங்களா?"

சட்டத்தையே மறுபடி முதலிலிருந்து விளக்கத் தொடங்கினேன். பாதியிலேயே போனை வைத்துவிட்டாள். சற்று நேரத்தில் கைப்பேசியில் என் வீட்டுக் கதவு குலுங்கியது. ஒரு துடைப்பக்கட்டை வந்து கேமராவை இடித்தது. மோட்டார் ஒருமுறை முனகி நின்றது. கதவு போய், தெரு வந்தது, ஒரு பக்கம் சரிந்தபடி.

மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும், முறை அதுதான். இன்னும் கூப்பிடவில்லை. இந்த வாசல் பாதி கறுப்பு, அந்த வாசல் முழுக்கச் சாய்வு. தலையைத் தோள்பக்கம் சாய்த்துப் பார்த்தால் ஊர் நேராகத் தெரிகிறது.

கழுத்து வலியா என்று கேட்கிறாள் மருமகள்.

"இல்லம்மா, ஆடு வருது."