இரண்டாம் தரம் அடித்த போன்

எனக்கு நீந்தத் தெரியாது. பிள்ளைகளே, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நான் செய்தது எவ்வளவு பெரிய பிழை என்று உங்களுக்கு விளங்கும்.

என் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. வகுப்பில் ஒரு பழைய கிரேக்கக் கதை சொல்ல வேண்டுமென்று, குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்ற எனக்குச் சொல்லிப் பார்த்தாள். ஒரு தீவில், உள்ளே போனால் திரும்ப வழி தெரியாத மாளிகை. அதற்குள் பாதி மனிதனும் பாதி மாடுமான ஒன்று. அதற்கு இரையாகப் பிள்ளைகளைக் கறுப்புப் பாய் கட்டிய கப்பலில் அனுப்புவார்கள். ஒருமுறை அரசனின் மகனே அதைக் கொல்லப் புறப்பட்டான். உயிரோடு வந்தால் வெள்ளைப் பாய் கட்டுவேன் என்று தகப்பனிடம் சொல்லிவிட்டுப் போனான். வாசலில் நூலைக் கட்டி, அதைப் பிடித்தபடி உள்ளே போனான், கொன்றான், நூல் வழியே வெளியே வந்தான். ஆனால் வென்ற சந்தோஷத்தில் பாயை மாற்ற மறந்துவிட்டான். மலையுச்சியில் காத்திருந்த தகப்பன் கறுப்பைக் கண்டார். கடலில் குதித்துவிட்டார். அந்தக் கடலை இன்றைக்கும் தகப்பனின் பெயரால்தான் சொல்கிறார்களாம்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் யோசித்தேன். வென்றது மகன், கடலுக்குப் பெயர் தகப்பனுடையது. காத்திருப்பவர்களுக்குச் சேதி போய்ச் சேரும்வரை எந்த வெற்றியும் முடிவதில்லை என்று அந்த மக்கள் நினைத்திருக்க வேண்டும். பிழை பெடியனுடையதுதான் என்று மகளிடம் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"கப்பல் கரைக்கு வருமட்டும் தகப்பனால பொறுத்து நிக்கேலாதோ, அப்பா?"

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. போன இடத்துக்குச் சேர்ந்ததும் போனை ஒருமுறை அடிக்கவிட்டு நிறுத்த வேண்டும். சுகமாகச் சேர்ந்தாயிற்று என்று அர்த்தம். இரண்டாம் தரமும் அடித்தால் ஆபத்து. பல நாடு கடந்து நான் நோர்வேக்கு வந்து சேர்ந்ததையும் ஊருக்கு அப்படித்தான் அறிவித்தேன். இப்போது செய்தி அனுப்பச் செலவில்லை. என்றாலும் அந்த ஒரு சத்தம் கேட்டால்தான் எனக்கு நெஞ்சு ஆறும்.

அடுத்த கிழமை அவளுடைய வகுப்பு மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள காட்டுக்குப் போனது, அங்குள்ள ஏரியின் அக்கரையில் நெருப்பு மூட்டி சொசேஜ் இறைச்சி சுட. குளிர்காலம் முடிகிற நேரம். எனக்கு அன்று பின்னேரம்தான் வேலை. போன் ஒருமுறை அடித்து நின்றது. தேத்தண்ணியைக் கையில் எடுத்தேன். மறுபடியும் அடித்தது.

நான் திருப்பி அழைத்தால் அவளுடைய போன் செத்துக் கிடந்தது. வேலையில் நின்ற மனைவிக்கு, பிள்ளைக்கு ஏதோ நடந்துவிட்டது, நான் ஏரிக்குப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன்.

அக்கரையில் புகை தெரிந்தது. பிள்ளைகள் அங்குமிங்கும் ஓடுவதும் தெரிந்தது. கரையால் சுற்றிப் போனால் அரை மணித்தியாலம். உறைந்த ஏரிக்கு மேலால் நேரே போனால் ஐந்து நிமிடம். நான் நேரே நடந்தேன். இருபது அடி, முப்பது அடி. பனிக்கட்டி சாம்பல் நிறமாக மாறியது. அடியிலிருந்து, கனத்த கதவொன்று மெதுவாகத் திறப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. சப்பாத்துக்குள் தண்ணீர் ஏறியது. முன்னுக்குப் போகவும் பயம், பின்னுக்கு வரவும் பயம். அப்போதுதான் குசினியில் அவள் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது.

மெல்லக் குப்புறப் படுத்தேன். வந்த வழியே ஊர்ந்து கரையேறினேன். பிறகு சுற்றி ஓடினேன். ஒவ்வொரு அடியிலும், பிந்திவிட்டேன், பிந்திவிட்டேன் என்றுதான் நெஞ்சு அடித்தது.

அவள் சொசேஜ் தின்றுகொண்டிருந்தாள். கையுறையோடு அமத்தியதால் முதல் அழைப்பு போகவில்லை என்று நினைத்து இன்னொரு தரம் அடித்தாளாம். உடனே குளிருக்குப் போன் நின்றுவிட்டதாம். ஓடியவர்கள் பிடித்து விளையாடியவர்கள். என் நனைந்த முன்பக்கத்தைப் பார்த்ததும் அவள் வாய் மெல்லுவதை நிறுத்தியது.

"ஐசுக்கு மேலாலயோ வந்தனீங்கள்?"

பாதியில் திரும்பிவிட்டேன் என்றேன்.

"கறுப்பைக் கண்டவுடனே குதிக்கிற ஆள்தான் நீங்களும்," என்றாள். பகிடியாகச் சொல்லத்தான் பார்த்தாள்.

பிறகு கையை நீட்டி என் போனை வாங்கினாள். ஒருமுறை அடிக்கவிட்டு நிறுத்தினாள். யாருக்கு என்று கேட்டேன்.

"அம்மாவுக்கு. நீங்கள் வந்து சேர்ந்திட்டியள் எண்டு."