மாமாவும் மாத்திரையும் பன்னீர் திராட்சையும்

வாயில் போட்ட பன்னீர் திராட்சையை என் மாமனார் கடிக்காமலே துப்பியது இன்றும் கண்ணில் நிற்கிறது. தேனிப் பக்கம் கம்பம் ஊரில் எங்கள் திராட்சைப் பந்தலில் அறுவடை நெருங்கியிருந்த நேரம். பல கொத்துகளில் பறித்துத் தின்று பார்த்த பிறகுதான் அவர் வியாபாரிக்கே சொல்லியனுப்புவார். அப்படிப்பட்டவரைக் கைபேசியில் யாரோ அனுப்பிய குரல் பதிவு ஒன்று ஆட்டிவைத்துவிட்டது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் திராட்சைப் பழத்தைத் தின்றால் மருந்து உடம்பிலேயே தங்கிவிடுமாம்.

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. இதயத் துடிப்பைத் தணித்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கிற அவருடைய மாத்திரையைக் கல்லீரல்தான் சிதைத்து வெளியேற்ற வேண்டும். சிலருக்கு அது சுருக்காக நடக்கும். மாமாவின் கல்லீரல், அவரைப் போலன்றி, ரொம்ப நிதானம். பழைய மாத்திரை தீர்வதற்குள் புதியது போய்ச் சேர, நாடி இறங்கி, அதற்கு முன்பே ஒருநாள் பந்தல் தூணைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். தேனி டாக்டர் அளவைக் குறைத்தார். "அதுக்காக நீங்களா நிறுத்திராதீக" என்றும் எச்சரித்தார்.

ருசி பார்க்காமல் பழம் கொடுக்க மாமாவுக்கு மனம் வரவில்லை. எங்களுக்குத் தெரியாமல் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பழத்தைத் தின்றார். சில நாளில் நெஞ்சு படபடத்து, உடம்பெல்லாம் வேர்த்து, ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு தேனிக்கு ஓடினோம். வழி நெடுக என் கையை அவர் விடவில்லை.

"மாத்திரையத் தின்னாலும் சாவு, திங்காட்டியும் சாவுன்னா நா எங்கன போறது ஆத்தா?"

எனக்கு அழுகைதான் வந்தது.

பிழைத்து எழுந்தபின் நடந்ததைக் கேட்ட டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அது நம்ம திராட்சையே இல்ல பெரியவரே. பம்ளிமாஸ் மாதிரி, ஆரஞ்சு சாதியில வேற பழம். 'கிரேப்ஃப்ரூட்'டுன்னு இங்கிலீஷ் பேருல திராட்சை ஒட்டிக்கிட்டிருக்கு, அம்புட்டுத்தான். அதுவும் வேற சில மாத்திரையோடதான் வம்பு பண்ணும். மாத்திரையத் திடீர்னு நிறுத்துனதுலதான் நெஞ்சு படபடத்துச்சு. நீங்க பழத்தத் தாராளமாத் தின்னுங்க, மாத்திரைய மட்டும் விட்றாதீக."

வீடு திரும்பியதும் நானே அவரைப் பந்தலுக்குக் கூட்டிப் போய் ஒரு பழத்தைக் கிள்ளிக் கொடுத்தேன். கண்ணை மூடி மென்றார். எனக்கு உயிர் வந்தது.

"டாக்டரே சொல்லிட்டாக, இனி என்ன பயம் மாமா? இனிப்பு ஏறிருச்சா?"

அவருடைய வலதுகை விரல்கள் இடது மணிக்கட்டை அழுத்திக்கொண்டிருந்தன.

"செத்தப் பொறு ஆத்தா. நாடியப் பாத்துக்கிர்றேன்."

அதன்பிறகு எத்தனையோ அறுவடை வந்து போயிற்று. இன்றும் பழம் வாய்க்குள் போன மறுநொடி அவர் கை மணிக்கட்டுக்குப் போய்விடுகிறது. ருசி எப்படி என்று நான் கேட்பதை விட்டுவிட்டேன்.