குடிக்குமா, கொடுக்குமா?

கார் விற்கிறவன் காரைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் படித்து வைத்திருக்கலாம். எங்கள் விருதுநகர்ப் பக்கம் அவனிடம் யாரும் கேட்பது ஒரே ஒரு கேள்விதான்.

பொருள் விற்றுப் பிழைக்கும் அன்பர்களே, புடவையோ பிரஷர் குக்கரோ, நீங்களும் இப்படி ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டியிருப்பீர்கள். என் கதையையும் கேளுங்கள். இரண்டாயிரம் பிறந்து எட்டொன்பது வருடம் ஆகியிருக்கும். எங்கள் ஷோரூமில் வெளிநாட்டுக் கம்பெனியின் சின்னச் சொகுசு வண்டி ஒன்று வந்து இறங்கியது. ஜீப் போல உயரம், கார் போல மெத்தை. டீசலில் ஓடும். கியர் தானாக மாறும், கிளட்ச் கிடையாது. அதை விற்கும் பொறுப்பை மேனேஜர் என் தலையில் வைத்தார். தீபாவளிக்குள் விற்றால் சொகுசு வண்டிப் பிரிவு எனக்கு. விற்காவிட்டால் வண்டி மதுரைக்குப் போகும், நான் பழைய வண்டிகள் நிற்கும் தகரக் கொட்டகைக்குப் போவேன். அந்தக் கொட்டகையில் ஃபேன் கிடையாது.

யார் யாருக்குக் கொடுக்கிறது?

முதலில் வந்தவர் திருத்தங்கல்லில் அச்சகம் வைத்திருப்பவர். நான் கதவைத் திறந்து உட்கார வைத்தேன். கூரையில் இருக்கும் கண்ணாடியைத் திறந்து வானத்தைக் காட்டினேன். சீட் தானாக முன்னால் போய்ப் பின்னால் வந்தது. எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “லிட்டருக்கு எம்புட்டு கொடுக்கும்?” என்றார்.

“பதினஞ்சு கொடுக்கும் சார்.”

அவர் இறங்கி வேட்டியைச் சரிசெய்துகொண்டார். வாசலில் நின்ற தன் மோட்டார் சைக்கிளை ஒரு பார்வை பார்த்தார். “தம்பி, அது அறுவது கொடுக்குது. இம்புட்டுத் துட்டு நான் கொடுத்த பொறகு, இது பதினஞ்சுதான் கொடுக்கும்னா, இதுல யாரு யாருக்குக் கொடுக்கிறது?”

சர்வீஸ்

அடுத்த வாரம் ஜவுளிக்கடை பாய் ஒருவர் வந்தார். மைலேஜைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சர்வீஸ் எங்கே என்று மட்டும் கேட்டார். வருடத்துக்கு ஒருமுறை மதுரையில் விட்டால் போதும் என்றேன். பாய் விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். “அப்ப மதுரைக்குப் போயிட்டு வார டீசலையும் சர்வீஸ் செலவுலதான சேக்கணும்? திரும்பி வாரப்ப நான் பஸ்ல வரணும்ல, அந்த டிக்கெட்டையும் சேத்துக்கங்க.”

வேறு வார்த்தை

சீசன் சூடுபிடித்த சமயம் நாரணாபுரத்திலிருந்து பட்டாசுக் கம்பெனி அண்ணாச்சி ஒருவர் மனைவியோடு வந்தார். அண்ணாச்சிக்கு வண்டியைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அந்த வீட்டில் முடிவு சொல்கிறவர் அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிட்டவர், என்பதும் அவர் முகத்திலேயே தெரிந்தது. எதைக் காட்டினாலும் அவர் வண்டியைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்தார்.

அக்கா கேட்டதும் அதே கேள்விதான். வார்த்தைதான் வேறு. “இருக்கன்குடிக் கோயிலுக்குப் போயிட்டு வார எம்புட்டு குடிக்கும்?” அதன் பிறகுதான் நான் கவனித்தேன்: எங்கள் பக்கம் வண்டி வாங்க ஆசைப்படுகிறவர்கள் எம்புட்டு கொடுக்கும் என்பார்கள், அதைக் கட்டிக் காப்பாற்ற வேண்டியவர்கள் எம்புட்டு குடிக்கும் என்பார்கள். நான் மறுபடி பதினைந்து என்றேன். அக்கா சிரிக்கவில்லை. “எங்க வீட்டுல குடிக்கிற ஆளு யாரும் கெடையாது தம்பி. நீங்க புதுசா ஒண்ணைக் கூட்டிட்டு வரப் பாக்கீக.”

இரண்டு நாள் விருந்தாளி

ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லட்டும் என்று மேனேஜரிடம் கெஞ்சி, வண்டியை இரண்டு நாள் நாரணாபுரத்துக்கு அனுப்பினேன். அவர்கள் டிரைவர் கருப்பசாமிதான் ஓட்டினார். வெகுகாலம் லோடு லாரி ஓட்டியவர். வடநாடு வரை பட்டாசு கொண்டுபோய்ச் சேர்த்தவர். ஒரு கீறல் விழுந்ததில்லை என்று அண்ணாச்சி பெருமையாகச் சொன்னார்.

மூன்றாம் நாள் காலை அக்காவிடமிருந்து போன் வந்தது. வண்டி லிட்டருக்கு ஒன்பதுதான் ஓடியிருக்கிறது. மேனேஜர் காதில் விழாதபடி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அக்கா கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “பதினஞ்சுன்னு சொல்லிக் கொடுத்துவிட்டீக, ஒம்பதுல நிக்குது. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே பொய் சொல்லுற மாப்பிள்ளைய நாங்க வேண்டாம்னுதான் சொல்லுவோம். வந்து ஓட்டிட்டுப் போங்க.”

சிவப்பு மத்தாப்பு

வண்டியை எடுத்துவரப் போனேன். நான் நாரணாபுரத்தை நெருங்கும்போதே எங்கள் வண்டி சிவகாசியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அக்காவைக் கடைத்தெருவில் இறக்கிவிட்டு வரக் கருப்பசாமி கிளம்பியிருந்தார். பைக்கைத் திருப்பிப் பின்னாலேயே போனேன். நேரான ரோடு, எதிரே ஆள் இல்லை, ஆடு இல்லை. ஆனால் வண்டியின் பின்பக்கச் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. ரோட்டோர டீக்கடையில் கிளாஸோடு நின்ற ஒருவர் சத்தமாகச் சொன்னார்: “ஏலே, அங்கன பாரு. தீவாளிக்கு முன்னாடியே ஒரு வண்டி சிவப்பு மத்தாப்பு புடிச்சிக்கிட்டுப் போகுது.”

வேலையில்லாத கால்

டீக்கடையில் அப்படிச் சொன்னவருக்கு நான் இன்னொரு டீ வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும். நேரமில்லை. கடைத்தெருவில் வண்டி நின்றதும் ஓடிப்போய்ச் சக்கரத்தின் அருகே கை வைத்தேன். இட்லிச் சட்டி போலச் சுட்டது. உள்ளே எட்டிப் பார்த்தேன். கருப்பசாமியின் வலது கால் ஆக்ஸிலரேட்டர் மேல் சரியாக அதன் இடத்தில் இருந்தது. இடது கால் கிளட்ச்சைத் தேடிப் போய், அது இல்லாததால், பக்கத்தில் இருந்த பிரேக்கின் மேல் தடித்த ரப்பர் செருப்போடு ஏறி உட்கார்ந்திருந்தது. வழியெல்லாம் ஒரு கால் வண்டியை ஓட்ட, மறு கால் அதைப் பிடித்து நிறுத்த, இடையில் டீசல் எரிந்திருக்கிறது.

விஷயத்தைச் சொன்னேன். கருப்பசாமி குனிந்து தன் காலைப் பார்த்தார். “அம்புட்டு வருசமா கிளட்ச்சுல வேலை பாத்த காலு சார். திடீர்னு லீவு விட்டா எங்கன போய் உக்காரும்?”

மருந்து ரூம்

அக்கா பின்சீட்டிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கச் சொல்லிக் கேட்டேன். அவர் டிரைவர் பக்கம் திரும்பினார்.

பட்டாசு மருந்து கலக்கும் அறைக்குள் எப்படிப் போக வேண்டும் என்று எங்கள் பக்கம் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். உள்ளே எதையும் தேய்க்கக் கூடாது, தட்டக் கூடாது, இழுக்கக் கூடாது. ஒரு உரசல் போதும். கம்பெனி கொடுத்த தடித்த புத்தகத்தில் எரிபொருள் சிக்கனம் என்று ஒரு முழு அத்தியாயம் உண்டு. அதை நான் மனப்பாடமாகவே வைத்திருந்தேன். அக்கா அதை ஒரே வாக்கியத்தில் முடித்தார். “கருப்பசாமிண்ணே, செருப்பைக் களத்திப் போட்டுட்டு, மருந்து ரூமுக்குள்ள போற மாதிரி ஓட்டுங்க.”

இருக்கன்குடி

வெள்ளிக்கிழமை காலை சிவகாசி பங்க்கில் டேங்க் நிரம்பியது. துப்பாக்கி போல இருக்கும் அந்தக் குழாய் ‘டக்’ என்று நின்றதும் பையன் எடுக்கப் போனான். அக்கா விடவில்லை. அண்ணாச்சியும் நானும் ஆளுக்கொரு பக்கம் நின்று வண்டியை ஆட்ட, உள்ளிருந்த காற்றெல்லாம் வெளியேறி, டீசல் வாய்வரை வந்து நின்றது. பிறகு சாத்தூர் வழியாக இருக்கன்குடிக்குப் போனோம். செருப்பில்லாத கால் பிரேக்கைத் தொட்டாலே கருப்பசாமிக்குத் தெரிந்துவிட்டது, சுட்டதுபோல இழுத்துக்கொண்டார். பஸ் முந்தியது, விட்டார். டிராக்டர் முந்தியது, அதையும் விட்டார். அண்ணாச்சி மட்டும் டிராக்டரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். கோயிலில் அக்கா என்ன வேண்டிக்கொண்டாரோ தெரியாது. நான் ஃபேனை வேண்டிக்கொண்டேன்.

திரும்பி அதே பங்க், அதே பையன், அதே ஆட்டம். ஓடிய கிலோமீட்டரை, ஊற்றிய டீசலால் அண்ணாச்சி செல்போனில் வகுத்தார். மறுபடி வகுத்தார். போனை அக்காவிடம் நீட்டி, பயத்தில் வார்த்தை மாறி, “எம்புட்டு குடிச்சிருக்குன்னு நீயே பாரு” என்றார்.

அக்கா பார்த்தார். முந்தானையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். “என்ன பேச்சு பேசுதீக? குடிக்கவெல்லாம் இல்ல. நம்ம வண்டி பதினாறு கொடுத்திருக்கு.”

மறுபடியும் திருத்தங்கல்

‘நம்ம வண்டி’ என்ற சொல் விழுந்த பிறகு விற்பனைக்காரன் வாயைத் திறக்கக் கூடாது. தீபாவளிக்கு முன்பே வண்டி நாரணாபுரத்துக்குப் போய்விட்டது. செய்தி அதைவிட வேகமாகத் திருத்தங்கல்லுக்குப் போயிருக்கிறது. அச்சகக்காரர் வந்தார். இந்தத் தடவை மோட்டார் சைக்கிளைத் தெருவுக்கு அந்தப் பக்கம் தள்ளி நிறுத்திவிட்டு வந்தார். நான் ஃபேனுக்கு நேர்கீழே நாற்காலி போட்டேன். அவர் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “அந்த மாதிரி வண்டியே எனக்கும் போதும். செருப்பில்லாத டிரைவர் வண்டியோட சேந்து வருவாரா, இல்ல அவருக்குத் தனியா கொடுக்கணுமா?”

ஆக, வெளிநாட்டில் யார் யாரோ கோட்டும் பூட்ஸும் போட்டுக்கொண்டு வடிவமைத்த வண்டியின் மானத்தை எங்கள் பக்கத்தில் காப்பாற்றியது, கழற்றி வைத்த ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.