சிவப்பு ரப்பர் உள்ள பில்டர்

காலையில் சாமி விளக்கை ஏற்றிவிட்டுத்தான் காரை முடுக்குவேன். முன்பெல்லாம் சாவியைத் திருப்பினால் அலுங்காமல் எழும்பும். இந்த வருஷம் ஆயில் பில்டரை மாற்றியதிலிருந்து முதல் நாலைந்து வினாடிக்கு இஞ்சின் கடகடவென்று தட்டுகிறது. பிறகு அடங்கிவிடும்.

"உங்க காரு அண்ணன கூப்பிடுதுங்க," என்றாள் என் வீட்டுக்காரி ஒருநாள், அடுப்படியில் இருந்தபடியே.

இருபத்தைந்து வயசைத் தாண்டிய கார். இத்தனை வருஷமும் அதற்கு ஆயில் பில்டர் வாங்கியது என் அண்ணன். சித்தியவானில் லாரிப் பட்டறையில் வேலை பார்க்கிறவர். ஈப்போவில் எங்கள் வீட்டுக்கு வந்தால் பையில் இரண்டு பில்டர் இருக்கும். அவரே காருக்கு அடியில் படுத்து மாற்றுவார். புதுசின் வாயில் இருக்கும் ரப்பர் வளையத்தில் இஞ்சினுக்கு ஊற்றும் கறுப்பெண்ணெயை விரலால் தடவி, "முருகா" என்று சொல்லி, கையாலேயே இறுக்குவார். நான் டார்ச் பிடிப்பேன். நம்பர் என்ன, எந்தக் கடை என்று ஒரு தடவையும் கேட்டதில்லை. அண்ணன் இருக்கும்போது எனக்கெதற்கு அது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்களுக்குள் பேச்சு நின்றது. கோலா கங்சார் பக்கம் நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டத்தை வீடு கட்ட விற்றார்கள். தோட்டத்து முனியாண்டி சாமியை எடுத்துவிடச் சொன்னார்கள். சாமியை அசைக்கக் கூடாது, மனு கொடுப்போம் என்றேன் நான். மண்வாரி இயந்திரம் வருவதற்குள் எடுத்துவிடணும் என்றார் அவர். ஒரு விடியற்காலை எனக்குச் சொல்லாமல் பூசாரியைக் கூட்டிப்போய், சாமியாக நின்ற சூலத்தை எடுத்து லாரியில் ஏற்றி, சித்தியவானில் தன் வீட்டுக்குப் பின்னால் நட்டுவிட்டார்.

"சாமியத் திருடிட்டீங்க," என்று போனில் சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு தினமும் சாமி கும்பிடும்போது அவர் பெயரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவரிடம்தான் சொல்லத் தெரியவில்லை.

அவர் கடைசியாக விட்டுப்போன இரண்டு பில்டரையும் பக்கத்துப் பட்டறையில் கொடுத்து மாட்டித் தீர்த்தாயிற்று. இந்த வருஷம் நானே போய்ப் பொருந்துகிற ஏதோ ஒன்றை வாங்கி மாட்டினேன். கை இறுக்கம் போதுமோ போதாதோ என்று பயந்து, ஸ்பானரால் இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன்.

தட்டும் சத்தம் தாங்காமல் போன வாரம் மறுபடி கடைக்குப் போனேன். கடை முதலாளி, சீனர், டவுக்கே என்றுதான் கூப்பிடுவோம், மூன்று பெட்டியைப் பிரித்து மேசைமேல் வைத்தார். ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, ஒன்று நான் வாங்கிய அதே வகை.

"எல்லாம் போலே லா," என்றார் பாதி மலாயில். மூன்றுமே பொருந்துமாம். எது நல்லது என்றேன். உதட்டைப் பிதுக்கினார். நான் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அண்ணன் மாட்டியது என்ன நிறம் என்றுகூட ஞாபகம் இல்லை. நகக்கண்ணில் கறுப்பேறிய அவர் கைதான் ஞாபகம் வந்தது.

கடை வாசலுக்கு வந்து அண்ணனுக்குப் போன் அடித்தேன்.

"ம்," என்றார்.

"அண்ணே, காருக்குப் பில்டரு. எது வாங்குறது?"

"காலையில தட்டுதா?"

"தட்டுதுண்ணே."

"தட்டும். உன் கார்ல பில்டரு படுத்த வாக்குல இருக்கு. ராத்திரி நின்னா எண்ணெ பூரா கீழ ஓடிரும். அத நிறுத்தத்தான் உள்ள ஒரு ரப்பர் வச்சிருக்கான். ஓட்டைக்குள்ள பாரு, கறுப்பா, சிவப்பா?"

உள்ளே போய்ப் பார்த்தேன். இரண்டில் கறுப்பு. "நெட்டையில மட்டும் சிவப்பா இருக்குண்ணே."

"அதான். கறுப்பு சீக்கிரம் விறைச்சுப் போயிரும், சிவப்பு தாங்கும். இத்தன வருஷம் டார்ச்சு பிடிச்சியே, எதத்தான் பார்த்துட்டு இருந்த?"

உங்களைத்தான் என்று வாய்வரை வந்தது. "இருட்டா இருந்துச்சுண்ணே," என்றேன்.

"டார்ச்ச நீதானடா பிடிச்ச."

அந்த 'டா'வைக் கேட்டு மூன்று வருஷம் ஆகிறது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"பழச கழட்டிட்டியா?"

"ஸ்பானர் போட்டு இறுக்கிட்டேன். வரமாட்டேங்குது."

"கெடுத்தியா. அதச் சுத்தி இழுத்துக் கழட்டுற வார் பட்டறையில இருக்கு," என்றவர் அதோடு நிறுத்திக்கொண்டார். வா என்று சொல்லவில்லை.

அப்போது போனுக்குள் ஒரு மணி அடித்தது. அன்று வெள்ளிக்கிழமை. தோட்டத்தில் சாமிக்கு மேலே மரக்கிளையில் தொங்கிய அதே மணி. விரிசல் விட்டது, கொஞ்சம் கரகரக்கும். எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும்.

"யாருண்ணே மணி அடிக்கிறது?"

"உங்க அண்ணி. விளக்கு வச்சுட்டா."

"சாமி நல்லா இருக்காரா?" என்று கேட்டுவிட்டேன். இது என்ன கேள்வி என்று எனக்கே தோன்றியது.

அவர் சிரிக்கவில்லை. "இருக்காரு. ஒரு குறையும் இல்ல. நீ ஒருத்தன்தான் இன்னும் வந்து பாக்கல."

நெட்டையில் இரண்டு வாங்கினேன்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. முனியாண்டிக்குச் சுருட்டும் எலுமிச்சம்பழமும் வாங்கி, பில்டர் பெட்டிகளோடு முன்சீட்டில் வைத்திருக்கிறேன். காலையில் முடுக்கும்போது இன்னொரு தடவை தட்டும், தட்டட்டும். டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டாயிற்று.